டோங் தின்ற பொட்டலம்

விருந்தாளிகள் லிஃப்டில் ஏறிவிட்டார்கள் என்று சொல்ல, பத்தேகால் மணிக்கு யூஃபென் சோதனை அறைக்குள் ஓடி வந்தாள். அங்கே அவளுடைய பிரிவு இயக்குநர் டோங் ஒரு பச்சைப் பொட்டலத்தை டர்ரென்று கிழித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ சார், அது மெஷின் மேல வெச்ச குவாய்குவாய்."

"தெரியும். பசிக்குது." ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார்.

தைவானின் சிப் ஊரான ஸின்ச்சூவில் அந்தத் தேங்காய் நொறுக்கை மேலே வைக்காமல் எந்த மெஷினும் ஓடாது. பெயருக்கே 'சமத்தாக இரு' என்றுதான் அர்த்தம். நம்பாத எஞ்சினியர்கூட அதைத் தொடமாட்டார். இந்த மனுஷனோ மென்றுகொண்டிருக்கிறார். அதுவும் இன்றைக்கு.

உலகத்துக் கணினிகளில் முக்கால்வாசி இவர்கள் கம்பெனிச் சிப்பில்தான் ஓடின. ஆனால் கணினியை விட்டு வெளியே வைத்த காலெல்லாம் வழுக்கியது. டோங் செய்த கைப்பேசி சிப் விழுந்தது. கடிகாரச் சிப்பும் விழுந்தது. மூன்றாவதாகக் கார் சிப். அதற்கான கட்டளைகளை எழுதியவள் யூஃபென். இருநூறு சிப்புகள் காலையிலிருந்து சோதனை அடுப்பில் வெந்துகொண்டிருந்தன.

"இதுவும் போச்சுன்னா பிரிவையே மூடிடுவேன். தப்புப் பண்ணினவங்க வீட்டுக்கு" என்று சேர்மன் அம்மாள் சொல்லியிருந்தார்.

கதவு திறந்தது. சேர்மனும், சிப்பை வாங்க வந்த கார் கம்பெனிப் பெரியவரும் வந்து திரையைப் பார்த்தார்கள். முழுக்கச் சிவப்பு. ஒரு சிப்கூட உயிரோடு இல்லை.

"என்ன ஆச்சு?" என்றார் சேர்மன்.

டோங் காலிப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். "நான்தான் மேடம். பசி தாங்கலை."

"மூளை இருக்கா உமக்கு?"

பெரியவருக்கு முகம் வெளிறிவிட்டது. "அதைத் தின்னா எந்த மெஷின்தான் ஓடும்? எங்க ஆலையில தேதி முடிஞ்ச பொட்டலம் வெச்சதுக்கே ரெண்டு நாள் வேலை நின்னுச்சு. புதுசு வைங்க. அடுத்த வாரம் வர்றேன்."

சேர்மன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் கொடுத்தார்.

"கைப்பேசியைத் தின்னாரு, கடிகாரத்தைத் தின்னாரு, இப்ப குவாய்குவாயையும் தின்னுட்டாரு" என்று கேன்டீனே சிரித்தது. யூஃபெனும் சேர்ந்து சிரித்தாள்.

அந்த வாரம் கட்டளைகளைத் திரும்பப் படித்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சூடு ஏறினால் மின்சாரத்தைக் குறைக்கவேண்டிய இடத்தில் கூட்டச் சொல்லியிருந்தாள். நல்லவேளை, இந்தத் தப்பு வெளியே வருமுன் பொட்டலம் முந்திக்கொண்டது என்று சத்தமில்லாமல் திருத்தினாள்.

மறுவாரம் நூற்றிருபத்தைந்து டிகிரியில் இருநூறு சிப்புகளும் அசையாமல் ஓடின. திரை முழுக்கப் பச்சை. மூன்று மணி நேரம் யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. நகத்தளவு மணல்துண்டு இந்தக் கொதிப்பில் இப்படி நிற்குமா என்று யூஃபெனுக்குக் கண் கலங்கியது. பெரியவர் கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷத்தில் கணினிக்கு வெளியே கம்பெனி ஜெயித்தது அன்றுதான்.

அறிக்கை எழுத யூஃபென் பழைய சோதனைப் பதிவைத் திறந்தாள். இருநூறும் செத்த நேரம் பத்து மணி பத்து நிமிடம். காரணம், யூஃபென் எழுதிய கட்டளை. அடுத்த நிமிடமே அதைத் திறந்து படித்தவர், டோங்.

நேரே அவர் அறைக்குப் போனாள்.

"பத்து பத்துக்கே செத்த சிப்புக்கு, பத்தேகாலுக்கு எதுக்கு சார் பொட்டலத்தைத் தின்னீங்க?"

டோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் கைப்பேசி சிப் செத்த அன்னைக்கு, எனக்காகத் தின்ன யாரும் வரலைம்மா."