ஒன்பது நாற்காலிகள்

"போப்பாண்டவர் கையை அசைச்சா எழுபது கோடி பேர் அசையறா. இந்த அமெரிக்காக்காரர் அசைச்சா யார் பாய் அசைவா?"

என் டைப்ரைட்டருக்கு அந்தப் பக்கம் அக்கவுண்டண்ட் வெங்கட்ராமன் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது.

1976. தோஹாவில் நஜ்மா என்ற பேட்டை. எங்கள் கான்ட்ராக்ட் கம்பெனியின் முன்னறையில் இருவர் காத்திருந்தார்கள். ஒருவர் ஃபாதர் பெனடிக்ட், கத்தோலிக்கப் பாதிரியார், மங்களூர்க்காரர். இன்னொருவர் லார்சன், எங்கள் சைட் இன்ஜினியர். மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த, ஊரிலிருந்த நாலைந்து குடும்பங்களுக்கு அவர்தான் தலைவர். சோபாவின் இரண்டு முனையில், ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்களுக்கும் அமெரிக்காவுல சால்ட் லேக்குங்கிற ஊர்ல ஒரு பெரியவர் இருக்காராம் அய்யரே," என்றார் பாஸ்போர்ட் வேலைகளைப் பார்க்கும் சித்தீக். "காப்பி, டீ, பீடி தொடாதேன்னா தொட மாட்டாங்க. போன வாரம் நம்ம முதலாளி குடுத்த காப்பியையே கையைக் காட்டி வேண்டாம்னுட்டாரே! முதலாளி மூஞ்சி சுருங்கிப் போச்சு. அங்கேயே காரியம் கெட்டுது."

"அதான் சொல்றேன். திருச்சியில ஒரு ஃபாதர் லெட்டர் குடுத்தா காலேஜ் சீட்டு. மந்திரியே எழுந்து நிப்பார். இன்னிக்கு ஃபாதர் வாயைத் திறக்கட்டும், பாஸ்போர்ட் தானா வெளியே வரும் பாரும்."

பாஸ்போர்ட் கார்மேகத்தினுடையது. பரமக்குடிப் பக்கம். சைட்டில் கலவை சுமப்பவர். மனைவிக்குப் பிரசவத்தில் ஆபத்து என்று தந்தி வந்திருந்தது. மறுநாள் விமானம். கான்ட்ராக்ட் முடிய எட்டு மாதம் இருக்கிறது என்று முதலாளி அபு காலித் பாஸ்போர்ட்டைத் தர மறுத்துவிட்டார். விடுப்பு மனுவை மூன்று தடவை டைப் அடித்தவள் நான்தான். அவரிடம் வாய் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு பெரியவர்களையும் கார்மேகத்துக்குத் தெரிந்தது நாற்காலிகளால். இந்த ஊரில் இருவருக்குமே கோயில் கிடையாது, மணி கிடையாது. வீட்டுக் கூடம்தான். வெள்ளிக்கிழமை காலை ஃபாதர் வீட்டில் பூசைக்குக் கம்பெனியின் மடக்கு நாற்காலிகளைப் போடுவார். மாலையில் அவற்றில் சிலதைத் தூக்கிப்போய் லார்சன் வீட்டில் போடுவார்.

"ரெண்டு பேர்ல யாரு பெரிய ஆளு?" என்று ஒரு நாள் சித்தீக் சீண்டினார்.

"காலையில நூறு, சாயங்காலம் ஒம்போது. தூக்குறப்ப எல்லாம் ஒரே கனந்தான் பாய்," என்றார் கார்மேகம்.

ஆனால் தன் மக்களில் ஒரு குடும்பம் லார்சன் வீட்டுக் கூட்டத்துக்குப் போனதிலிருந்து ஃபாதருக்குக் கோபம். "அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கக் கூடாது" என்று பூசையிலேயே சொல்லிவிட்டார். இன்று இருவரும் ஒரே அறையில் இருந்தது கார்மேகம் இருவரையும் தனித்தனியாகக் கெஞ்சியதால்தான்.

அபு காலித் வந்து உட்கார்ந்தார். கார்மேகம் வாசலோரம் நின்றார்.

ஃபாதர் நல்ல அரபியில் பேசினார். முதலாளி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மறுத்துத் தலையை ஆட்டினார்.

"மாஃபி, ஃபாதர். முடியாது. எல்லாருக்கும் வீட்டில் ஒரு காரணம் இருக்கும். கலாஸ், பேச்சு முடிந்தது."

வெங்கட்ராமன் பேனாவை மூடினார்.

காப்பி ஊற்றும் கௌஸ் முகம்மது வந்தார். ஃபாதர் குடித்தார். போன வாரத்துத் தப்பு லார்சனுக்கு நினைவிருந்தது போலும். இந்த முறை கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குடிக்காமல் தன் முன்னால் வைத்தார்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடடே," என்று சித்தீக் மூச்சுவிட்டார். "விருந்தாளி காப்பியை வாங்கிக் குடிக்காம வெச்சா, 'எனக்கு ஒண்ணு வேணும், குடுத்தாத்தான் குடிப்பேன்'னு அர்த்தம். இல்லேன்னு சொல்றது இவங்களுக்குக் கௌரவக் குறைச்சல். இது தெரியாமலே வெச்சுட்டாரு மனுஷன்!"

அபு காலித் வாசலோரம் நின்றவரைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். எழுந்து அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதன் மேல் கை இருந்தது.

"கேட்டது கிடைத்தது. குடியுங்கள்."

ஃபாதர் அதை இங்கிலீஷில் சொன்னார். லார்சனின் முகம் சிவந்தது.

"நீங்கள் குடிக்க வேண்டாம். உங்கள் மத வழக்கத்தை நான் எடுத்துச் சொல்கிறேன்," என்றார் ஃபாதர். சோபாவில் அவர் லார்சனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"சொன்னால் அவர் மனசு மாறி பாஸ்போர்ட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா?"

ஃபாதர் பாஸ்போர்ட் மேலிருந்த கையைப் பார்த்தார்.

லார்சன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கசப்பில் தோள் குலுங்கியது. அபு காலித் கையை எடுத்தார்.

கார்மேகம் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிக் கும்பிட்டார். எனக்கும் சேர்த்து ஒன்று.

அடுத்த புதன்கிழமை ஆபீசுக்குத் தந்தி வந்தது. தாயும் பிள்ளையும் நலம், இரண்டு பெரியவர்களுக்கும் கும்பிடு. அதை இரண்டு பிரதி டைப் அடித்து இருவருக்கும் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மாலை அண்ணியோடு கடைக்குப் போகும்போதுதான், கார்மேகம் இல்லாமல் லார்சன் வீட்டுக்கு யார் நாற்காலி கொண்டு போவார்கள் என்ற நினைப்பு வந்தது.

தெருமுனையில் ஃபாதர் பெனடிக்ட் வந்துகொண்டிருந்தார். வெள்ளை அங்கியை இழுத்துச் செருகியிருந்தார். கையில் மூன்று மடக்கு நாற்காலிகள். திறந்திருந்த கதவு வழியே லார்சன் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே ஆறு தெரிந்தன; இது மூன்றாவது நடை. லார்சன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலிகளோடு உள்ளே போனார்.