பேய்ப்படப் பிரிவில் மாமியார்

"முதல்ல எங்கம்மாவைப் பேய்ங்ககிட்டேருந்து வெளியே எடுங்க. இன்னும் அரை மணி நேரத்துல வந்துடுவாங்க" என்றாள் மனைவி, இடுப்பில் கை வைத்தபடி.

மாப்பிள்ளை மடிக்கணினியோடு டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருக்கும் சினிமாக்களையும் குடும்ப வீடியோக்களையும் வகை பிரித்து டிவியில் காட்டும் மென்பொருளைப் போட்டு வைத்தவர் அவர்தான். அதில் 'பேய்ப்படம்' பிரிவின் கடைசி வரிசையில், ஒரு மண்டையோட்டுக்கும் ஒரு சவப்பெட்டிக்கும் நடுவே, மைக்கைப் பிடித்தபடி மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஒரு மணி நேரம் அவர் பேசிய பேச்சு அது.

"சத்தியமா நான் பண்ணலை. சாஃப்ட்வேர் தப்பா பிரிச்சிருக்கு."

"எங்கம்மா போன் பண்ணா ஆம்புலன்ஸ் சத்தம் வர்ற மாதிரி வச்சிருந்தீங்களே, அதுவும் சாஃப்ட்வேர் பண்ணினதா?"

மாப்பிள்ளை மடிக்கணினிப் பக்கம் குனிந்துகொண்டார். அந்த ஆம்புலன்ஸ் விவகாரத்துக்குப் பிறகு மாமியார் அவரிடம் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்ததே இப்போதுதான். இதையும் பார்த்துவிட்டால் இந்த ஜென்மத்தில் மன்னிப்பு கிடையாது.

வகையை மாற்றப் போனபோதுதான் பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டு தெரிந்தது. யாராவது கைப்பட மாற்றினால் மட்டும் விழுகிற பூட்டு அது.

"இங்க பாரு, இது தானா வந்ததில்ல. யாரோ மாத்தியிருக்காங்க. வீட்ல இருக்கறதே நாம ரெண்டு பேர். நான் இல்லைன்னா..."

"பெத்த தாயை நானே பேய்னு சொல்வேனா?"

அதுவும் நியாயம்தான். போன வாரம் மாமியார் வந்து தங்கியபோது, பொழுது போகட்டுமே என்று அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எதை எப்படித் தேடுவது, எப்படித் திருத்துவது என்றெல்லாம் மாப்பிள்ளை பாடமே எடுத்திருந்தார். அப்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

பூட்டைத் திறந்து, மாமியாரைப் பத்திரமாகக் 'குடும்பம்' பிரிவில் இறக்கி வைத்தார். அங்கிருந்த மற்ற வீடியோக்களைப் போலவே அதன் மூலையிலும் ஒரு நீலப் புள்ளி இருந்தது. இன்னும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்று மென்பொருள் வைக்கும் அடையாளம் அது. பேய்ப்படங்களில் புள்ளியே கிடையாது. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் தினம் ஒரு பேயைப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது.

அழைப்பு மணி அடித்தது. மாமியார் வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"உங்க பேச்சை ரெண்டு தடவை பார்த்தோம் அத்தை" என்று முந்திக்கொண்டார் மாப்பிள்ளை. "கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

மாமியார் ரிமோட்டை எடுத்தார், நேராகப் 'பேய்ப்படம்' பிரிவுக்குள் போனார். கடைசி வரிசை வரை போய்த் தேடிவிட்டு மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"என்னை இங்கேருந்து யார் எடுத்தது?"

இனி மறைத்துப் பயனில்லை. "நான்தான் அத்தை. யாரோ விஷமம் பண்ணியிருக்காங்க. நான் உங்களைக் குடும்பத்துல சேர்த்துட்டேன்" என்றார் மாப்பிள்ளை, நல்ல பெயர் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

மாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"குடும்பத்துல இருந்தப்போ ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை மாப்பிள்ளை. பேய்ங்களோட உக்காந்தாலாவது பார்ப்பீங்கன்னு நானேதான் போய் உக்காந்தேன்."