நாய்கள்: இரண்டு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: பெண்கள் காப்பகத்தின் மாண்புமிகு நிர்வாகக் குழு, மூன்று கூட்டமும் முப்பது டீயும் முடித்து, அடைக்கலம் வருபவர்கள் நாயையும் கூட்டிவரலாம் எனத் தீர்மானித்தது.

முதலில் வந்த தையல்காரியின் இடுப்பில் ஒரு கிழட்டு வெள்ளை நாய் இருந்தது. காவலாளி, ‘நாய்கள்: இரண்டு’ என்று எழுதினார்.

“ஒண்ணுதாண்ணே.”

“அப்போ பின்னாடியே வந்த கறுப்பை நாய்னு எழுதாம நாத்தனார்னா எழுதணும்?”

அவள் வளர்த்த கறுப்பு நாயைப் புருஷன் போன வருஷமே அடித்துக் கொன்றிருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“ரெண்டுன்னே இருக்கட்டும்ணே,” என்றாள்.

மறுநாள் வாசலுக்கு வந்த புருஷன், “இந்த நாயையும் கொன்னுடுவேன்டீ!” என்று குதித்தான். காலில் ஏழு கடியோடு நொண்டிக்கொண்டே ஓடினான்.

நிர்வாகக் குழு அவசரமாகக் கூடி, வெள்ளையின் வாயைத் திறந்து பார்த்தது.

ஒரு பல்கூட இல்லை.