குயில் போனில் கேட்ட 'ம்'

காலையில் புது போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சூசை மிக்கேல் பீரோவைக் குடைந்து பழைய 'குயில்' மாடல் போனை எடுத்தார். கம்பெனியே கைகழுவிவிட்ட ரகம். அதில் பஸ் டிக்கெட் போட முடியாது, ரேஷன் வாங்க முடியாது. தொட்டால் யோசித்து யோசித்துத்தான் திறக்கும். புது போன்களோ இரைச்சலை நீக்கி, இருமலை எடுத்து, எதிர்முனையில் பேசுவதையே கேட்பவர் காதுக்கு இதமான வார்த்தைகளாக மாற்றித் தரும். குயிலுக்கு அந்தச் சாமர்த்தியமும் கிடையாது. வந்ததை வந்தபடி கொடுக்கும்.

ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஜெசிந்தாவை அழைத்தார்.

"சாப்டியாம்மா?"

தினமும் அவர் கேட்கிற முதல் கேள்வி. தினமும் "சாப்பிட்டேன்ப்பா, மீன்குழம்பு" என்று மணிமணியாகப் பதில் வரும். இன்று "ம்" என்று மட்டும் வந்தது. அதுவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தது. பின்னால் ஏதோ பாத்திரம் சுவரில் மோதி உருண்டது. "போனை வைடி!" என்று மருமகன் கத்தினான்.

சூசை மிக்கேல் சத்தத்தைக் கூட்டப் பொத்தானை அழுத்தினார். திரை அப்படியே உறைந்துவிட்டது. நல்லவேளையாகக் குரல் அறுபடவில்லை.

"என்னம்மா நடக்கு அங்க? ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள்.

"தெனமும் சொல்லுதேனேப்பா, என்னைய வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. நீங்கதான் 'ரொம்ப சந்தோஷம்மா'ன்னு சொல்லிட்டு வச்சிருதீங்க."