சிட்டுவின் எடை

"உங்கண்ணன் தட்டப் பாரு, கழுவி வெச்ச மாதிரி இருக்கு. உனக்கு மட்டும் என்னடி கேடு?"

சிட்டு பார்த்தாள். பார்த்துவிட்டு, வாயில் இருந்த கேரட்டை நாக்கால் வெளியே தள்ளி அம்மாவின் உள்ளங்கையிலேயே வைத்தாள்.

இரட்டைப் பிள்ளைகள், வயது இரண்டே கால். ஆறு நிமிஷம் முன்னால் பிறந்தவன் பிறக்கும்போதே அரை கிலோ அதிகம், அதனால் குண்டு என்ற பேர் ஒட்டிக்கொண்டது. பெற்றவளுக்கு அவனால் ஒரு தொல்லையும் கிடையாது. தட்டில் எதை வைத்தாலும் அவள் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் காலி.

தங்கைக்காரி சிட்டு வேறு ரகம். உருளைக்கிழங்கும் கேரட்டும் ஒன்றையொன்று தொட்டால் அவளுக்கு ஆகாது. மசித்தால் துப்புவாள், மசிக்காவிட்டால் தொடமாட்டாள். நேற்று ஆசையாகத் தின்ற வாழைப்பழம் இன்றைக்கு விரோதி.

மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த முறை வரும்போது சிட்டு எடை ஏறியிருக்காவிட்டால், ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஊட்ட வேண்டும். அந்த அடுத்த முறை இன்று மத்தியானம் மூன்று மணிக்கு.

ஒரு வேளைச் சாப்பாட்டை வீடியோ எடுத்து வரவும் சொல்லியிருந்தார். அப்பாக்காரர் செல்போனை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்து, இரண்டு நாற்காலியும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, வேலை முடிந்ததென்று குளிக்கப் போய்விட்டார்.

"ரெண்டே வாய்டி. அம்மாவுக்காக."

சிட்டு தலையை ஆட்டினாள். வேண்டாமாம்.

"அப்ப குழாய்லதான் குடிக்கப் போற. மூக்குல விடுவாங்க, தெரியுமா? எனக்கென்ன வந்துது." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு ஆம்லெட்டாவது போட்டுப் பார்க்கலாம் என்று, குண்டுவின் தட்டில் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கும் கேரட்டும் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது குண்டுவின் தட்டு மறுபடியும் காலி. சிட்டுவோ ஆம்லெட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போடி. நீயும் உன் சாப்பாடும்." ஆத்திரத்தில் அதை அவளே நின்றபடி தின்று தீர்த்தாள்.

கிளம்பும் அவசரத்தில், வாசலில் குண்டுவின் கால்சட்டை இடுப்பை விட்டு நழுவியது. வீட்டில் மெஷின் போட்டு ஒரு கடைக்குக் குழந்தைகள் உடுப்பு தைத்துக் கொடுப்பவள் அவள். இதுவும் அவள் கையால் தைத்ததுதான். "கடைக்காரன் குடுக்குற எலாஸ்டிக்கு அப்படி. ரெண்டு மாசத்துல தொளதொளன்னு ஆயிடுது" என்று திட்டிக்கொண்டே ஓர் ஊக்கைக் குத்திவிட்டாள்.

"சிட்டு நல்லாத்தானே இருக்கா. கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருக்கு" என்றார் கணவர்.

"நீங்க ஒரு நாள் ஊட்டிப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

அவர் குண்டுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினார்.

நர்ஸ் சிட்டுவைத் தூக்கி எடை மெஷினில் உட்கார வைத்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"முக்கால் கிலோ கூடியிருக்குங்க."

"தப்பா இருக்கும். இன்னொரு தடவ போடுங்க."

போட்டாள். அதே முக்கால் கிலோ.

"இவ என்ன, காத்தத் தின்னு வளர்றாளா?" அவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தைரியம் வரவில்லை. டாக்டரம்மா கையை நீட்டி, "வீடியோவக் குடுங்க" என்றார்.

திரையில் தான் கத்துவதைத் தானே பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. "அதோட நிறுத்திடலாம் டாக்டர். அப்புறம் நான் அடுப்படிக்குப் போயிடுவேன், அதுல ஒண்ணும் இருக்காது."

டாக்டரம்மா நிறுத்தவில்லை.

திரையில் அம்மா உள்ளே போனாள். குண்டு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான். தன் தட்டிலிருந்து ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்துத் தங்கையின் பக்கம் நீட்டினான். சிட்டு வாயைத் திறந்தாள், அதுவும் காது வரைக்கும். அடுத்து கேரட். அப்புறம் இரண்டையும் சேர்த்து ஒரு பிடி. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

"அடிப்பாவி" என்று அம்மா சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் கொட்டியது. "என்னைய இந்தப் பாடு படுத்திட்டு, அண்ணன் கையில வாங்கித் தின்னுட்டு இருந்திருக்கா பாருங்க." கணவரும் சிரித்தார். நர்ஸ் வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அப்ப குழாய் வேணாம்தானே டாக்டர்?"

"வேணாம்."

அவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். மூன்று மாதமாகச் சரியாக மூச்சு விடாதவள் இப்போதுதான் விட்டாள். சிட்டுவை இழுத்து மடியில் போட்டு முத்தம் கொடுத்தாள்.

டாக்டரம்மா வீடியோவைப் பின்னுக்குத் தள்ளி இன்னொரு முறை பார்த்தார். கடைசித் துண்டும் சிட்டுவின் வாய்க்குள் போன பிறகு குண்டு வெறும் தட்டைத் தூக்கி நக்கியதை, நிறுத்திப் பார்த்தார். பிறகு, அப்பாவின் தோளில் துவண்டு தூங்கிக்கொண்டிருந்தவனின் பக்கம் திரும்பினார்.

"இவன எடை பாத்து எவ்வளவு நாளாச்சு?"