ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்

“வாராவாரம் பெரியதம்பி ஷிப்ட்டை நீயே பாக்குற. அவன் அங்க மேட்ச் ஆடுறான், நீ இங்க மெஷின் ஓட்டுற. உனக்கென்னப்பா கிடைக்குது?” ஓசூர் தொழிற்சாலையின் டீ இடைவேளையில் சூப்பர்வைசர் ராஜேஷ்குமார் கேட்டார்.

“இன்னைக்கு டிரா பண்ணாலே லீக் கோப்பை நமக்குத்தான் சார். அவனை மாதிரி கோல்கீப்பர் இந்த ஜில்லாவுலயே இல்ல,” என்றான் ஐசக்.

செல்போன் ஒலித்தது. “கடைசி நிமிஷ பெனால்ட்டியைப் புடிச்சுட்டேன்டா! கோல் இல்லாம டிரா! நாமதான் சாம்பியன்!” என்று பெரியதம்பி கத்தினான். ஐசக் டீ சிந்தக் குதித்தான்.

ஷிப்ட் முடிந்தபோது, மொத்த அணியும் கோப்பையுடன் கேட்டில் நின்றது. பெரியதம்பி ஐசக் கழுத்தில் ஒரு பதக்கத்தைப் போட்டான்.

“ஷிப்ட் பாத்ததுக்கு மெடலா?” சிரித்தார் ராஜேஷ்குமார்.

“இவனும் எங்க டீம் கோல்கீப்பர்தான் சார். என் ஷிப்ட்டைப் பாக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எல்லா மேட்ச்சும் இவனே ஆடியிருப்பான்.”