முதல் பதிப்பு யாருடையது?

"நம்ம சாஃப்ட்வேரோட முதல் பதிப்பை எழுதினது நான்தான். அப்படியே போட்டுடும்மா."

முதலாளி சொன்னதைக் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த டேட்டாபேஸ் கம்பெனியின் வெள்ளி விழாவுக்கு வரலாறு எழுத வந்தவள் அவள்.

"உங்க பார்ட்னர்தான் ராப்பகலா உக்காந்து எழுதினார்னு பழைய ஆளுங்க சொல்றாங்களே சார்?"

"அவன் கூடமாட இருந்தான். அவ்வளவுதான். அடுத்த கேள்வி?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்குப் பாஸ்வேர்டு அடிக்கவே பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று கேன்டீனில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு சாஃப்ட்வேர் விற்கப் போனவர், எழுதினாராம்! பார்ட்னர் இறந்து வருஷம் திரும்பவில்லை. அதற்குள் ஆளையே முழுசாக முழுங்கப் பார்க்கிறாரே மனுஷன்!

நேரே பார்ட்னர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்தவள் விஷயத்தைக் கொட்டித் தீர்த்தாள்.

"நீங்க 'ம்'னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. உண்மையை எழுதிடறேன்."

"ஐயையோ, வேண்டாம்மா!" பதறினாள் அந்த அம்மாள். "அந்தக் கேஸைப் பத்தி யாரும் உனக்குச் சொல்லலையா?"

"எந்தக் கேஸ்?"

"முதல் பதிப்புல ஒரு கோளாறு. அதை வாங்கின ஆஸ்பத்திரியில ரெண்டு பேரோட விவரம் கலந்துபோய், ரத்தம் மாத்தி ஏத்திட்டாங்க. ஒரு உயிர் போயிடுச்சு. இதை எழுதினது யாருன்னு போலீஸ் வந்து நின்னுச்சு. எழுதினது என் வீட்டுக்காரர்தான். நான் அப்ப நிறைமாசம்."

உள்ளறையில் மகள் யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"வயித்துல இருந்தவ இவதான். இப்ப டாக்டர். அப்பா எழுதினதால ஒரு உயிர் போச்சுன்னு இவளுக்குத் தெரியவே கூடாதுன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார் அவர்."

"யாரு... முதலாளியா?"

"ஆமா. அன்னிக்கு எங்களை வாய் திறக்க விடாம, தானே முன்னால போய் நின்னு, ஜெயிலுக்கும் போயிட்டு வந்த மனுஷன்மா அவர்!"